முப்பது வயதைத் தாண்டிய கால்பந்து வீரருக்கு ஏன் ஒரே ஒரு வருட ஒப்பந்தம்?

பத்து வருடம் கிளப்புக்காக ஓடி உழைத்தவரிடம் "இனி ஒவ்வொரு வருடமாகத்தான் பேசுவோம்" என்று சொல்வது நன்றிகெட்டதனம் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு வருடம் என்பதில் நான் தப்பு சொல்ல மாட்டேன். அதை எப்போது சொல்கிறார்கள், எந்த முகத்தோடு சொல்கிறார்கள் என்பதில்தான் எனக்குக் கோபம் வருகிறது.

முதலில் பணக் கணக்கு. கால்பந்தில் ஒப்பந்தம் போட்டால் அது கடைசி நாள் வரைக்கும் கட்டுப்படுத்தும். நியாயமான காரணம் இல்லாமல் நடுவில் முறிக்கக் கூடாது என்பது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி, அதனால் முழங்கால் போனாலும் ஆட்டம் மங்கினாலும் வாரச் சம்பளம் போய்க்கொண்டேதான் இருக்கும். 23 வயதுப் பையனுக்கு ஐந்து வருடம் கொடுத்துச் சரிப்படவில்லை என்றால் வேறு கிளப்புக்கு விற்றுப் பாதிப் பணத்தையாவது எடுத்துவிடலாம். 33 வயதுக்காரரை டிரான்ஸ்பர் கட்டணம் கொடுத்து வாங்க ஆள் வராது, வந்தாலும் அந்தச் சம்பளத்தைக் கேட்டதும் ஓடிவிடுவார்கள்.

அர்செனல் ரசிகன் என்பதால் இதை நேரில் அனுபவித்தவன் நான். 2020 எஃப்ஏ கோப்பை இறுதியில் செல்சிக்கு எதிராக எங்கள் கேப்டன் ஒபாமெயாங் இரண்டு கோல் போட்டார், அந்த சீசனிலும் அதற்கு முந்தைய சீசனிலும் பிரீமியர் லீகில் தலா 22 கோல். அந்த செப்டம்பரில் 31 வயதில் மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது நான் துள்ளிக் குதித்தேன். அடுத்த சீசனில் லீகில் 10 கோல்தான். 2021 டிசம்பரில் ஒழுங்குப் பிரச்சினையில் கேப்டன் பதவி போனது, 2022 பிப்ரவரியில் ஒன்றரை வருடம் மீதியிருக்கும்போதே ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு பார்சிலோனாவுக்கு இலவசமாகப் போனார். அவரை வெறுக்க என்னால் முடியவில்லை, ஆனால் ஒரு நல்ல சீசனின் சூட்டில் மூன்று வருடம் எழுதிக் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்று அன்றைக்குப் புரிந்தது.

சரி, அப்படியானால் முப்பது தாண்டியதும் எல்லாருக்கும் ஒரு வருடம் என்று சட்டம் போட்டுவிடலாமா? அதே அர்செனலில், வெங்கர் பயிற்சியாளராக இருந்த காலத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. பெர்க்காம்ப் அதை ஏற்றுக்கொண்டு வருடா வருடம் கையெழுத்துப் போட்டு 2006 வரை ஆடினார். ராபர்ட் பிரெஸ் ஏற்கவில்லை. 2006 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி அவருடைய சொந்த நாட்டில், பாரிஸை ஒட்டிய மைதானத்தில் நடந்தது. 18ஆவது நிமிடம் கோல்கீப்பர் லேமனுக்கு ரெட் கார்டு, மாற்றுக் கோல்கீப்பரை இறக்க ஒருவரை வெளியே எடுக்க வேண்டும், பலகையில் பிரெஸின் 7ஆம் எண் வந்தது. ஆறு வருடம் ஆடியவர், லீகில் ஒரு போட்டி கூடத் தோற்காத சீசனில் இருந்தவர், அர்செனலுக்காக அவர் ஆடிய கடைசி நிமிடம் அதுதான். கிளப் கொடுத்தது ஒரு வருடம், ஸ்பெயினின் வில்லாரியல் கொடுத்தது இரண்டு. அரையிறுதியில் எந்த அணியை வென்றோமோ அதே அணிக்குப் போய்விட்டார்.

போன கையோடு சீசன் தொடங்குமுன்பே முழங்கால் தசைநார் கிழிந்து பல மாதம் படுத்துவிட்டார். பார்த்தீர்களா, வெங்கர் கணக்கு சரி என்று அப்போது நிறையப் பேர் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஆனால் அடுத்த சீசனில், 2007-08இல், வில்லாரியல் ஸ்பெயின் லீகான லா லிகாவில் இரண்டாம் இடம் பிடித்தது, அந்த அணியில் பிரெஸ் ஆடினார், 2010 வரை அங்கேயே இருந்தார். ஒரு வருட ஒப்பந்தமாக இருந்திருந்தால் அந்தக் காயத்தோடு அவர் கதையே முடிந்திருக்கும். மூத்த வீரர் இரண்டாவது வருடத்துக்காக ஏன் இவ்வளவு மல்லுக்கட்டுகிறார் என்றால் இதற்காகத்தான். காயம் பட்டாலும் திரும்பி வர ஒரு வாய்ப்பு இருக்க வேண்டும் என்ற பயம், அதைப் பேராசை என்று நாம் எழுதிவிடுகிறோம்.

வயதைப் பார்ப்பதை விட அந்த வீரர் எதை வைத்து ஆடுகிறார் என்று பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. மைதானத்தின் ஓரத்தில் ஓடும், வேகத்தை மட்டும் நம்பும் விங்கர் அரை அடி பின்தங்கினால் முடிந்தது. இடம் பார்த்து நிற்கிற சென்டர் பேக் (கோலுக்கு முன்னால் நடுவில் தடுப்பவர்), கோல்கீப்பர், பந்தைப் பார்க்காமலே பாஸ் கொடுக்கிற நடுக்கள வீரர், இவர்கள் கதை வேறு. 2022 ஏப்ரலில் செல்சி மாட்ரிட் வந்து மூன்று கோல் போட்டு ரியல் மாட்ரிட்டை சாம்பியன்ஸ் லீகிலிருந்து வெளியேற்றும் நிலையில் இருந்தது, 80ஆவது நிமிடம் ரியலின் நடுக்கள வீரர் மோட்ரிச் வலது காலின் வெளிப்பக்கத்தால் ஒரு பந்தைத் தூக்கிப் போட்டார், அது அத்தனை பேர் தலைக்கும் மேலே வளைந்து போய் ஓடி வந்த ரோட்ரிகோவின் காலில் இறங்கியது. அப்போது அவருக்கு 36 வயது. அந்தப் பாஸுக்கு வேகமே தேவையில்லை.

ஒரே கிளப் இந்த விஷயத்தில் எப்படிக் குழம்பும் என்பதற்கு பாரிஸ் கிளப்பான பிஎஸ்ஜியைப் பாருங்கள். எட்டு வருடம் இருந்த கேப்டன் தியாகோ சில்வாவை 35 வயதில், 2020 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் தோற்ற கையோடு அனுப்பிவிட்டார்கள். செல்சி ஒரு வருடம், கூட ஒரு வருட வாய்ப்பு என்று எடுத்தது. ஒன்பது மாதத்தில் அவர் சாம்பியன்ஸ் லீக் வென்றார், அப்புறம் வருடா வருடம் நீட்டித்து 2024 வரை அங்கே ஆடினார். அவரை அனுப்பிய பிஎஸ்ஜி அடுத்த கோடையிலேயே, அதே 35 வயது செர்ஜியோ ராமோஸுக்கு, அதே சென்டர் பேக் இடத்துக்கு, இரண்டு வருடம் கொடுத்தது. காயத்தால் ராமோஸ் முதல் போட்டியில் இறங்கியதே நவம்பர் கடைசியில்தான்.

ராமோஸ் ரியலை விட்டு வந்த கதைதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். 16 சீசன் ஆடியவர். கிளப் சொன்னது ஒரு வருடம், சம்பளத்தையும் குறைத்து. அவர் கேட்டது இரண்டு வருடம். கடைசியில் இறங்கி வந்து ஒரு வருடத்துக்கே ஒப்புக்கொண்டபோது, அந்த வாய்ப்பு காலாவதியாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்களாம், இப்படி ஒரு கெடு இருப்பதே தனக்குத் தெரியாது என்று பிரிவு நிகழ்ச்சியில் கண் கலங்கியபடி சொன்னார். அந்த ஒரு வருடத்தில் எனக்குப் பிரச்சினையே இல்லை. அவ்வளவு பெரிய கிளப்பில் ஒருத்தருக்குக் கூடவா அவரை உட்கார வைத்து "இந்தத் தேதிக்குள் சொல்லிவிடு செர்ஜியோ" என்று சொல்லத் தோன்றவில்லை?

விதிப்படி ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வீரர் வேறு கிளப்போடு கையெழுத்துப் போடலாம். அதனால் ஜூனில் முடிகிற ஒப்பந்தத்துக்கு ஜனவரி ரொம்ப முக்கியமான மாதம். இளைஞருக்கு அது பேரம் பேசும் ஆயுதம், 35 வயதுக்காரருக்கு அது தூக்கம் வராத மாதம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எந்த ஊரில் என்பதில் தொடங்கி எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கும். 25 வருடம் பேயர்னில் வளர்ந்த தாமஸ் முல்லருக்கு நீட்டிப்பு இல்லை என்பது அதிகாரபூர்வமாக வெளியே வந்தது 2025 ஏப்ரல் 5 அன்று, சீசன் முடியும் தறுவாயில். அது தன் விருப்பப்படி நடந்ததல்ல என்று அவரே எழுதினார். லிவர்பூலின் சாலாவும் அதே சீசனில் நவம்பரிலேயே "உள்ளே இருப்பதை விட வெளியேதான் அதிகம் இருக்கிறேன்" என்கிற மாதிரி புலம்பினார், அந்த நிலைமையிலும் லீகில் 29 கோல் போட்டார், லிவர்பூல் ஏப்ரலில்தான் இரண்டு வருடம் கொடுத்தது. அந்த ஐந்து மாத இழுபறி யாருக்கு லாபம் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

இன்னொன்று, இத்தனை போட்டி ஆடினால் ஒப்பந்தம் தானாக நீளும் என்று எழுதும் வழக்கம். கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் அந்த எண்ணிக்கை நெருங்கும்போது நல்ல உடல்நிலையில் இருப்பவரைப் பெஞ்சில் உட்கார வைக்கும் ஆசை நிர்வாகத்துக்கு வந்துவிடும். மூத்த வீரருக்கு அப்படி எழுதுவதாக இருந்தால் போட்டிக் கணக்குக்குப் பதிலாக "உடல் தகுதியோடு இருந்தால்" என்று எழுதச் சொல்வேன்.

மோட்ரிச்சுக்கே வருகிறேன். 2022, 2023, 2024 என்று மூன்று தடவையும் ஒரே ஒரு வருடம்தான் நீட்டித்தார்கள், அவரும் கையெழுத்துப் போட்டார். 2025 மே மாதம் சொந்த மைதானத்தில் கடைசி லீக் போட்டிக்கு முன்பே இனி இல்லை என்று அறிவித்துவிட்டதால், 87ஆவது நிமிடம் வெளியே வந்தபோது இரண்டு பக்கமும் வரிசையாக நின்று கைதட்டினார்கள். ஒப்பந்தம் ஜூன் 30 அன்று முடிவதாக இருந்தது, கிளப் உலகக் கோப்பையோ ஜூலை வரை போனது. அதற்காக இன்னொரு சின்ன நீட்டிப்பு போட்டார்கள், போட்டித் தொடர் முடிகிற வரைக்கும் மட்டும். 39 வயதில் அந்தச் சில நாள் ஒப்பந்தத்துக்கும் அவர் சம்மதித்தார், அரையிறுதி வரை ஆடிவிட்டு ஏசி மிலான் கிளப்புக்குப் போனார்.