பையனுக்கு கணக்குன்னாலே அழுகை. வீட்டு வேலையோட சேர்த்தே கணக்கு பழக்க முடியுமா?

முடியும். ஆனா நான் மொதல்ல நல்லா சொதப்பினவ, அதனால அதையே சொல்லிடறேன். உங்க பையன் ரெண்டாவதோ மூணாவதோ இருப்பான்னு நினைக்கிறேன், எங்க பையன் அப்போ மூணாவது.

இட்லிக்கு ஊறப்போடும்போது "நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, அப்போ எட்டு டம்ளருக்கு?"ன்னு ஆரம்பிச்சேன். ரெண்டு நாள் சொன்னான், மூணாவது நாள் நான் டம்ளர எடுத்தாலே ஓடிட்டான். கிச்சன்ல வச்சு கேட்டாலும் பரீட்சை பரீட்சைதானே.

மாத்துனது எங்க மாமியார், அஞ்சாவதோட நின்னவங்க. மார்கழில வாசல்ல இடுக்குப் புள்ளி 7-4 வைப்பாங்க, அதாவது நடுவுல 7, மேலயும் கீழயும் 6, 5, 4னு குறையும். இவன் கைல மாவ குடுத்து புள்ளி வைடான்னாங்க, அவ்ளோதான், ஒரு கேள்வி கேக்கல. ஒருநாள் 7க்கு அடுத்து 5 வச்சுட்டான், கோலம் ஒரு பக்கமா சாஞ்சிருச்சு, அவனே அழிச்சு திருப்பி வச்சான். அப்புறம் அவனா எண்ண ஆரம்பிச்சு 3-2க்கு 7 புள்ளி, 5-3க்கு 19, 7-4க்கு 37ன்னுட்டு "பாட்டி, மொதல்ல 12 கூடுது, அப்புறம் 18, அடுத்து 24 கூடுமா?"ங்கறான். 9-5 வச்சு எண்ணுனா 61! பி.காம் படிச்ச எனக்கே இது தெரியாது.

ஆம்பளப் பிள்ளைக்கு கோலமான்னு கமெண்ட்ல வராதீங்க, என் வீட்டுக்காரரே கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டாச்சு. வாய்ப்பாடு வேணாம்னும் நான் சொல்லல, அதையும் ஒப்பிக்கிறான், என்ன, அழுதுட்டே ஒப்பிக்கிறான். கோலம் வராதுன்னா கடைக்கு 50 ரூபா குடுத்து அனுப்புங்க, மீதி எவ்ளோன்னு நீங்க கேக்காதீங்க, அவனே எண்ணி வாங்கட்டும்.

என் வயித்தெரிச்சல் வேற. எங்க அபார்ட்மெண்ட்ல ஒருத்தர், அவ்ளோ பார்க்கிங் சும்மா கெடக்கு, கரெக்டா அந்த 61 புள்ளி மேலயே பைக்க ஏத்தி நிறுத்துவாரு. கேட்டா "கோலம்தானே சிஸ்டர்"ங்கறாரு. மாசாமாசம் மெயின்டனன்ஸ் மட்டும் ஒண்ணாந்தேதியே கேப்பாங்க, இதச் சொன்னா செக்ரட்டரிக்கு காது கேக்காது.

இப்ப பையன் தெனமும் ஸ்கூல் கெளம்பும்போது டயர்ல எத்தன புள்ளி போச்சுன்னு எண்ணிட்டுதான் போறான். நேத்து 14 போச்சாம், 47 மிச்சம்.