கால் ஏன் இறுகுகிறது என்று கேட்கிற பெண்ணுக்கு

நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் இரண்டு முறை நீட் எழுதிவிட்டாள், அரசு இடத்துக்கு மதிப்பெண் போதவில்லை. மூன்றாவது முறைக்குக் கோச்சிங்கில் சேர்ப்பதா, இல்லை பெரியப்பா சொல்வதுபோல இருக்கிற நிலத்தை விற்று நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்குவதா என்பது அவர் கேள்வி. கடிதத்தின் கடைசியில் தயங்கித் தயங்கி இன்னொன்றும் எழுதியிருக்கிறார். மகள் 800 மீட்டர் ஓடுவாள், மாவட்ட அளவில் வந்திருக்கிறாள். கடைசி 200 மீட்டரில் கால் ஏன் இறுகிப்போகிறது என்று ஓயாமல் கேட்பாளாம், அதற்காகப் புத்தகம் தேடிப் படிப்பாளாம். அதனால்தான் நீட் கெட்டதோ என்று சந்தேகப்படுகிறார்.

அம்மா, உங்களுக்குத் தூக்கம் வராதது எனக்குத் தெரிகிறது. ஆனாலும் நேராகவே சொல்லிவிடுகிறேன்: நிலத்தை விற்காதீர்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் எம்.பி.பி.எஸ். கட்டணம் பல இடங்களில் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது. விடுதி, புத்தகம், அப்புறம் மேற்படிப்புக்கு இன்னொரு நுழைவுத் தேர்வு, அதற்கு இன்னொரு செலவு. கணக்கு ஒரு கோடிக்கு மேல் போகும். யோசனை சொல்கிற பெரியப்பா அதில் ஒரு ரூபாயும் கட்டப்போவதில்லை.

இன்னொன்று. உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். டாக்டராக வேண்டும் என்று அவள் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. சொல்வதெல்லாம் பெரியப்பா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர். அவளுக்கே உண்மையான ஆசை இருந்தால் மூன்றாவது முறை எழுதட்டும், நான் தடுக்க மாட்டேன். ஆனால் அதை அவளிடம் தனியாகக் கேளுங்கள், சொந்தக்காரர்கள் கூடியிருக்கும்போது கேட்காதீர்கள்.

மருத்துவம் இல்லையென்றால் நர்சிங், பார்மசி, பிசியோதெரபி என்று ஊரே பட்டியல் தரும். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவள் கேட்கும் கேள்வியைப் பார்ப்போம், ஏனென்றால் அந்தக் கேள்விக்கென்றே ஒரு துறை இருக்கிறது: உடற்பயிற்சி உடலியங்கியல். உடல் உழைக்கும்போது தசை, இதயம், நுரையீரல், ரத்தம் எப்படி வேலை செய்கின்றன, தின்ற சோறு எப்படி ஆற்றலாகிறது என்று ஆராய்வதும் அதைக் கற்பிப்பதும்தான் வேலை.

உழைக்கும் தசையில் உண்டாகும் லாக்டிக் அமிலத்துக்கும் ஆக்சிஜனுக்கும் என்ன உறவு என்று ஆராய்ந்ததற்காக ஓட்டோ மேயர்ஹோஃபுக்கும், தசையில் வெப்பம் உண்டாவதை ஆராய்ந்ததற்காக ஏ.வி. ஹில்லுக்கும் 1922-க்கான நோபல் பரிசு கிடைத்தது. ஹில் தானும் ஓட்டப் பயிற்சி செய்தவர். பிறகு பல ஆண்டுகள் லாக்டேட்டை, அதாவது உடலில் லாக்டிக் அமிலம் இருக்கும் வடிவத்தை, தசையின் கழிவு என்றே சொல்லிக்கொடுத்தார்கள். 1980-களில் இருந்து கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஜார்ஜ் புரூக்ஸ் அதை மாற்றிக் காட்டினார்: ஒரு தசையில் உருவாகும் லாக்டேட்டை இதயமும் மற்றத் தசைகளும் எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. களைப்பு உண்டாவதற்கான காரணங்களைப் பற்றி இன்றும் வாதம் முடியவில்லை. உங்கள் மகள் நின்றுகொண்டிருப்பது அந்த வாதத்தின் வாசலில்தான். படிப்பைக் கெடுத்த பழக்கம் என்று அதைச் சொல்லாதீர்கள்.

ஆய்வுக்கூடத்தில் என்ன நடக்கும் என்று கேட்பீர்கள். ஒருவரை ட்ரெட்மில்லில் ஓடவிட்டு, முகத்தில் மாஸ்க் மாட்டி, வெளிவிடும் மூச்சைக் கருவிக்குள் அனுப்புவார்கள். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.93 சதவீதம். வெளிவரும் மூச்சில் அது எவ்வளவு குறைந்திருக்கிறது, கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு கூடியிருக்கிறது என்று அளந்தால், உடல் எவ்வளவு ஆற்றல் செலவழிக்கிறது என்று கணக்கிடலாம். ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்கு ஏறக்குறைய 5 கிலோ கலோரி. இரண்டு வாயுக்களின் விகிதம் 0.7 பக்கம் இருந்தால் உடல் கொழுப்பை எரிக்கிறது, 1.0 பக்கம் போனால் மாவுச்சத்தை எரிக்கிறது. இடையிடையே விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து லாக்டேட் பார்ப்பார்கள். மூச்சை வைத்தே உள்ளே என்ன எரிகிறது என்று தெரிந்துகொள்வதை முதல்முறை பார்க்கும் மாணவர்களின் முகத்தை நான் கவனித்திருக்கிறேன். அந்த ஆர்வத்தைப் பணம் கொடுத்து வாங்க முடியாது.

1966-இல் ஸ்வீடனில் பெரிஸ்ட்ரோம், ஹுல்ட்மன் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே சைக்கிளின் இரு பக்கமும் இருவரும் இருந்துகொண்டு ஆளுக்கு ஒரு காலால் மிதித்தார்கள். பிறகு தங்கள் தொடையிலிருந்தே ஊசியால் துளித் தசை எடுத்துப் பார்த்தார்கள். மிதித்த காலில் கிளைகோஜன், அதாவது தசை சேமித்துவைக்கும் மாவுச்சத்து, தீர்ந்திருந்தது. மூன்று நாள் மாவுச்சத்து உணவு சாப்பிட்டதும், மிதித்த காலில் மட்டும் அது மற்றக் காலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு ஏறியிருந்தது. மாரத்தான் ஓடுகிறவர்கள் போட்டிக்கு முன் சோறும் பாஸ்தாவும் நிறையச் சாப்பிடுவதன் அடிப்படை அதுதான்.

இது விளையாட்டு வீரர்களோடு நிற்பதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) இண்டியாப் ஆய்வு 2023-இல் தந்த கணக்கின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதன் விளிம்பில். சுருங்கும் தசை இன்சுலின் உதவி இல்லாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். நடக்கச் சொல்வது அதனால்தான். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்து நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை தந்த பலனும் கிட்டத்தட்ட இதே அளவுதான். இன்னொரு புதிர்: புனேயின் டாக்டர் யாஜ்னிக்குக்கும் லண்டனின் டாக்டர் யுட்கினுக்கும் உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் நிறைக் குறியீடு (பி.எம்.ஐ.) ஒன்றுதான், 22.3. உடலில் கொழுப்போ யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம், யுட்கினுக்கு 9.1. ஒல்லியாக இருந்தும் நம் ஊர்க்காரர்களுக்கு ஏன் சர்க்கரை வருகிறது என்று ஆராய இங்கே ஆள் போதவில்லை.

சரி, வழி என்ன? முதலில் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்.சி. உயிர்வேதியியல். கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவளென்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். முதுகலைக்குச் சென்னை மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தையும் பாருங்கள். 1918-இல் குன்னூரில் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வுக்கூடம்தான் வளர்ந்து 1958-இல் அங்கே போனது. கொல்கத்தாவில் உடலியங்கியலுக்கு நூறாண்டுப் பாரம்பரியம் உண்டு. முனைவர் ஆய்வுக்குப் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி, உயர்மலையிலும் வெயிலிலும் படைவீரர் உடல் படும் பாட்டை ஆராயும் டெல்லி டிபாஸ் (பாதுகாப்புத் துறையின் உடலியங்கியல் ஆய்வு நிறுவனம்) என்று இடங்கள் இருக்கின்றன.

பி.டி. டீச்சர் ஆகப்போகிறாளா என்று உறவினர் கேட்பார்கள். அது மரியாதையான வேலை. ஆனால் இந்தப் படிப்பு வேறு.

பணத்தை மறைக்காமல் சொல்கிறேன். பி.எஸ்.சி. முதல் முனைவர் பட்டம் வரை ஒன்பது, பத்து ஆண்டு ஆகும். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. அதாவது ஆய்வுக் காலத்தில் வீட்டிலிருந்து பணம் போகவேண்டாம். உதவிப் பேராசிரியராக நிரந்தரப் பணி கிடைத்தால் யு.ஜி.சி. அளவில் அடிப்படைச் சம்பளம் 57,700-இல் தொடங்கும். நிரந்தரப் பணி எல்லோருக்கும் கிடைப்பதில்லை, காத்திருக்கவும் வேண்டியிருக்கும். மருத்துவக் கல்லூரிகளில் மருத்துவர் அல்லாதவர்கள் உடலியங்கியல் கற்பிக்கும் விதிகளும் அடிக்கடி மாறுகின்றன; அதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. கடன் இல்லாமல் படித்தவர்கள்தான் இப்படிக் காத்திருக்க முடியும். நிலத்தைத் தொடாதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

விளையாட்டு அறிவியல் என்ற பெயரில் லட்சக்கணக்கில் கேட்கும் தனியார் படிப்புகளும் வந்துவிட்டன. ஆய்வுக்கூடத்தை நேரில் காட்டச் சொல்லுங்கள். மூச்சு வாயுக் கருவி இருக்கிறதா, மாணவர்கள் அதைக் கையாளுகிறார்களா, முனைவர் பட்டம் பெற்ற ஆசிரியர் எத்தனை பேர், முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் அட்வான்ஸ் கட்டாமல் கிளம்பிவிடுங்கள்.

அரசுக் கலைக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் இணையத்தில் ஒரே விண்ணப்பம்தான். உயிர்வேதியியலை முதலிலும் விலங்கியலை இரண்டாவதாகவும் அவள் கையாலேயே நிரப்பட்டும். விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அவளுடைய மாவட்டப் போட்டிச் சான்றிதழ் தகுதியாகுமா என்று அந்த விண்ணப்ப விதிகளில் பாருங்கள். தகுதியானால் அதையும் இணைத்துவிடுங்கள்.