தீர்ப்பும் அன்பும்: புலம்பல் நூல் பற்றிய உங்கள் கேள்விக்கு

அன்புச் சகோதரி, எருசலேமை அழியவிட்ட கடவுளே அம்மக்களை நேசித்தார் என்பதை வேதபாட வகுப்பில் எப்படி விளக்குவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையும் அவசரமாக இணக்கப்படுத்த வேண்டாம் என்பதே என் கருத்து. கி.மு. 586-ஐ ஒட்டி பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சாரின் படை ஆலயத்தை எரித்த துயரத்தைப் பாடும் இந்தப் பழைய ஏற்பாட்டு நூலில், 22 எபிரேய எழுத்துகளுக்கும் மும்மூன்றாக 66 வசனங்கள் கொண்ட மூன்றாம் அதிகாரம், காலைதோறும் புதிதாகும் இரக்கத்தைக் கண்ணீருக்கு நடுவிலேயே அறிக்கையிடுகிறது. நூலின் இறுதி வசனமோ, கடவுள் தங்களை முற்றிலும் வெறுத்துவிட்டாரோ என்ற அச்சத்தில் நிற்கிறது. ஆனால் யூதர்கள் ஆலய அழிவை நினைவுகூரும் நாளான, தங்கள் நாட்காட்டியின் ஆப் மாதம் 9-ஆம் நாளில் இந்நூலை வாசிக்கும்போது அங்கே நிறுத்துவதில்லை. தங்களைத் தம்மிடம் திருப்பும்படி கடவுளையே வேண்டும் முந்தைய வசனத்தை மீண்டும் வாசித்தே முடிக்கிறார்கள். என்னை மிகவும் நெகிழச் செய்த வழக்கம் இது. உங்கள் வகுப்பிலும் 5:21, 5:22, மறுபடியும் 5:21 என்ற வரிசையில் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.