மாடல் டி காருக்கு அகலமான இன்டேக் பைப்: வாங்கும் முன் அளந்து பாருங்கள்

கேள்வி: என்னிடம் 1924 ஃபோர்டு மாடல் டி இருக்கிறது. பழைய வார்ப்பிரும்பு இன்டேக் பைப்புக்குப் (கார்புரேட்டரிலிருந்து என்ஜினுக்குப் பெட்ரோல் கலந்த காற்றைக் கொண்டுபோகும் குழாய்) பதில் அகலமான அலுமினிய பைப் மாட்டினால் மேட்டில் நன்றாக இழுக்கும் என்கிறார்கள். எப்படிச் சோதிப்பது?

பதில்: மேட்டில் இழுக்கும் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். இந்த 2.9 லிட்டர் என்ஜின் 20 குதிரைத்திறன் தருவது நிமிடத்துக்குச் சுமார் 1600 சுற்றில். மேடு ஏறும்போது சுற்று அதற்கும் கீழே இறங்கிவிடும். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரோ கீழே இருக்கிறது, பெட்ரோல் துளிகளை மேலே தூக்கிப் போகக் காற்றுக்கு வேகம் வேண்டும், பைப் அகலமானால் அந்த வேகம் குறைந்து துளிகள் சுவரில் ஒட்டி வழிய ஆரம்பிக்கும். லாபம் ஏதாவது இருந்தால் அது மேல் சுற்றில்தான்.

முதலில் பழைய பைப் இடுக்கு வழியாக வெளிக்காற்றை இழுக்கிறதா என்று பாருங்கள். என்ஜின் சும்மா ஓடும்போது பைப்பும் பிளாக்கும் (என்ஜினின் உடல்) சேரும் இடத்தில் எண்ணெய்க் கேனால் இரண்டு சொட்டு விடுங்கள் (பெட்ரோல் வேண்டவே வேண்டாம், பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் கொதிக்கிறது). சத்தம் மாறினால் கசிவு. நானே ஒரு தடவை புது பைப் மாட்டிவிட்டு ஆகா என்று குதித்தேன். அப்புறம் பார்த்தால் வித்தியாசம் பைப்பால் இல்லை, கூடவே அந்த இணைப்பில் மாற்றிய காஸ்கெட் வளையங்களால்.

அடுத்து, பைப்பில் பிளாக்குக்குப் பக்கமாக ஒரு வேக்யூம் கேஜ் (உள்ளே காற்றழுத்தம் வெளியைவிட எவ்வளவு குறைவு என்று காட்டும் கருவி) இணையுங்கள். மேட்டில் த்ராட்டிலை முழுக்கத் திறந்ததும் முள் கிட்டத்தட்ட பூஜ்ஜியத்துக்கு வந்துவிட்டால் பைப்போ கார்புரேட்டரோ அடைக்கவில்லை என்று அர்த்தம், காசு மிச்சம்.

அப்படியும் மாட்டிப் பார்க்க ஆசையா? சரி. என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஆளில்லாத சாலையில், ஹை கியரில் மணிக்கு 15 மைலிலிருந்து 30 மைல் வேகம் எட்ட எத்தனை விநாடி என்று ஸ்டாப்வாட்சில் பிடியுங்கள், காற்றின் திசை ஏமாற்றாமல் இருக்கப் போகும்போது மூன்று முறை, வரும்போது மூன்று முறை. ஒவ்வொரு பைப்புக்கும் கார்புரேட்டர் ஊசியைப் புதிதாகத் திருகிச் சரிசெய்யுங்கள், தீப்பொறி விழும் நேரத்தை மாற்றும் ஸ்பார்க் நெம்புகோல் மட்டும் ஒரே இடத்தில் இருக்கட்டும். முடிந்ததும் பழைய பைப்பை மறுபடி மாட்டி இன்னொரு தரம் ஓட்டுங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை. பழைய பைப்பே இரண்டு தரத்துக்கும் ஒரு விநாடி வித்தியாசம் காட்டினால், புதுசு காட்டிய ஒரு விநாடி லாபம் லாபமே இல்லை.

கடைசியாக ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். சிலிண்டர் ஒன்றும் இரண்டும் ஒரே வாயில், மூன்றும் நான்கும் ஒரே வாயில் இழுக்கின்றன. வெடிக்கும் வரிசை 1-2-4-3 என்பதால் ஜோடியில் ஒன்று இழுத்த கையோடு மற்றதும் இழுக்கும். புது பைப்பில் ஒரு பிளக் கறுத்தும் பக்கத்தது வெளுத்தும் இருந்தால் பெட்ரோல் சமமாகப் பிரியவில்லை என்று அர்த்தம், ஸ்டாப்வாட்ச் என்ன சொன்னாலும் பழையதையே மாட்டிக்கொள்ளுங்கள்.