எரிகுச்சியை எப்போது காட்டலாம்?

கேள்வி (உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை, திண்டுக்கல்): ஹைட்ரஜன் தயாரிக்கத் துத்தநாகத்தில் நீர்த்த கந்தக அமிலம் ஊற்றினேன். குமிழிகள் மிக மெதுவாகவே வருகின்றன. அடர் அமிலம் சேர்க்கலாமா?

சேர்க்க வேண்டாம். அடர் கந்தக அமிலம் ஹைட்ரஜனுக்குப் பதில் மூச்சைத் திணறடிக்கும் சல்ஃபர் டைஆக்சைடைத் தரும். நைட்ரிக் அமிலமும் உதவாது. வரும் ஹைட்ரஜனை அதுவே ஆக்ஸிஜனேற்றிவிடும். உங்கள் துத்தநாகம் மிகத் தூய்மையானது, கோளாறு அதுதான். நான்கைந்து சொட்டு காப்பர் சல்பேட் கரைசல் விடுங்கள். துண்டுகளின் மேல் செம்பு கருப்பாகப் படியும், குமிழிகள் உடனே பெருகும். தாராளமாக ஊற்றினால் செம்பு முழுவதும் மூடிக்கொண்டு வினை மறுபடி படுத்துவிடும்.

கேள்வி (பிளஸ் ஒன் மாணவர், தஞ்சாவூர்): போக்குக் குழாயின் நுனியில் வரும் வாயுவை நேராகக் கொளுத்திக் காட்டக் கூடாது என்கிறார்கள். ஹைட்ரஜன் அமைதியாகத்தானே எரியும்?

தூய ஹைட்ரஜன் அமைதியாகத்தான் எரியும். காற்று கலந்திருந்தால்தான் வம்பு. காற்றில் ஹைட்ரஜன் 4 முதல் 75 சதவீதம் வரை இருந்தால் கலவை தீப்பிடிக்கும், நடு அளவுகளில் வெடிக்கும். வினை தொடங்கும்போது குடுவையில் இருப்பது காற்று. முதலில் வெளியேறுவது ஏறக்குறைய அதுதான், பிறகு வருவது கலவை. அந்த நேரத்தில் நுனியில் நெருப்பு வைத்தால் சுடர் குழாய் வழியே உள்ளே ஓடும். உடைந்த கண்ணாடியும் அமிலமும் சேர்ந்து முகத்தில் தெறிக்கும்.

ஆகவே பாத்திரம் சிறியதாக இருப்பதே முதல் பாதுகாப்பு. பாடப்புத்தகப் படத்தில் உள்ள உல்ஃப் குடுவை (இரு கழுத்துள்ள கண்ணாடிக் குடுவை) அரை லிட்டர் கொள்ளளவு என்றால், 100 மில்லி அமிலம் போக 400 மில்லி காற்று இருக்கும். அதைத் துரத்த அதைப் போல் நான்கு மடங்கு, அதாவது ஒன்றரை லிட்டருக்கும் மேல் வாயுவை வீணாக்க வேண்டும். ஒரு பெரிய சோதனைக் குழாயில் (25 மி.மீ. விட்டம், 150 மி.மீ. நீளம்) 2 கிராம் துத்தநாகமும் 20 மில்லி 2 மோலார் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலமும் போதும். அறை வெப்பநிலையில் மொத்தம் 480 மில்லி வாயு கிடைக்கும். மேலே உள்ள காற்று 35 மில்லிதான். முதல் 150 மில்லியை, அதாவது சாதாரணச் சோதனைக் குழாய்க் கணக்கில் ஐந்தாறு குழாய்களை, விட்டுவிடுங்கள்.

அடுத்து வரும் வாயுவை நீருக்கடியில் ஒரு சோதனைக் குழாயில் பிடித்து, கட்டைவிரலால் மூடி, வாய் கீழ்நோக்கியிருக்க, வினைக் குழாயிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளிக் கொண்டுபோய் எரிகுச்சியைக் காட்டுங்கள். கீச்சென்று கூர்மையாகக் கத்தினால் காற்று இருக்கிறது. மெல்லிய ‘பாப்’ என்றால் போதிய தூய்மை. சோதித்த குழாயை அப்படியே திரும்பக் கொண்டுவராதீர்கள்: ஹைட்ரஜன் சுடர் பகலில் கண்ணுக்கு அரிதாகவே தெரியும், உள்ளே எரிந்துகொண்டே இருக்கலாம். நீர் நிரப்பிய பிறகே மறுபடி பயன்படுத்துங்கள். நுனியில் சுடர் ஏற்றும் செய்முறையைப் பள்ளியில் தவிர்ப்பதே நல்லது. குழாயில் பிடித்த வாயுவே எல்லாவற்றையும் காட்டிவிடும்.

பாதுகாப்புக் கண்ணாடி அணிவது, ஜன்னலைத் திறப்பது, அருகில் வேறு பர்னர் எரியாமல் பார்ப்பது ஆகியவற்றைச் சொல்லவே வேண்டாம். வாயு நாறினால் துத்தநாகத்தில் கந்தகமோ ஆர்சனிக்கோ கலந்திருக்கிறது. ஆர்சனிக் தரும் ஆர்சைன் கொடிய நச்சு. நிறுத்திவிட்டு வேறு துத்தநாகம் வாங்குங்கள்.

கேள்வி (ஒரு பெற்றோர், சேலம்): மகன் அலுமினியத் தாளும் காஸ்டிக் சோடாவும் பாட்டிலில் போட்டு பலூன் ஊதுவதைக் காணொளியில் பார்த்துக் கேட்கிறான். செய்யலாமா?

வேண்டாம். அலுமினியத்தின் மேலுள்ள ஆக்சைடு படலம் கரையும்வரை சற்று நேரம் ஒன்றும் நடக்காது. பையன்கள் ‘இன்னும் கொஞ்சம்’ என்று போடுவார்கள். பிறகு சூடு ஏறி, சூடு வினையைத் துரிதப்படுத்தி, காஸ்டிக் சோடாக் கரைசல் கொதித்துப் பொங்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பலூனில் கசிந்து கலந்த காற்றின் அளவு யாருக்கும் தெரியாது.

கேள்வி (ஆய்வக உதவியாளர், நாகர்கோவில்): துத்தநாகச் சோதனையின் மிச்சத்தை என்ன செய்வது?

குமிழி குறைந்ததும் போக்குக் குழாயை நீரிலிருந்து எடுத்துவிடுங்கள். இல்லையெனில் குழாய் குளிரும்போது தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். துத்தநாகத்தை வடித்து, நீரில் பலமுறை கழுவி, உலர்த்தி வைத்தால் மறுமுறை உதவும். கழுவாமல் புட்டியில் இறுக மூடினால் எஞ்சிய அமிலம் வாயுவை உண்டாக்கிக்கொண்டே இருக்கும், புட்டி வெடித்துவிடும்.