பைக்கற்றைத் திருப்பிப் பாருங்கள்: செல்லப்பிராணி கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடைச் சாப்பாட்டைப் பற்றியவை. பத்து வருசத்துக்கு முன் வன்னியில் நாய்க்கென்று தனிச் சாப்பாடு விற்ற கடையைத் தேடித்தான் போகவேண்டும், இப்போது ஏ9 வீதியில் சந்திக்குச் சந்தி பைக்கற் தொங்குகிறது, ஆனால் எதை வாங்குவது, எப்படி வைப்பது என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

வணக்கம் டொக்டர். எங்கள் வீட்டில் ஒரு நாயும் இரண்டு பூனைகளும் இருக்கின்றன. கடையில் சாக்கிலிருந்து நிறுத்துத் தரும் நாய்ச் சாப்பாட்டைத்தான் ஒன்றரை வருசமாக மூன்றுக்கும் போடுகிறேன், பூனைகளும் விரும்பித்தான் சாப்பிடுகின்றன. இப்போது பெரிய பூனை பொழுதுபட்டால் கதிரைக் காலில் முட்டுப்படுகிறது, கண்மணி விரிந்தபடியே இருக்கிறது. வயது நான்குதான். சாப்பாட்டால் இப்படி வருமா? (வாசகி, மல்லாவி)

வரும், தங்கச்சி. முதலில், இந்தக் கிழமைக்குள் பூனையை மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், ஏனென்றால் இரத்த அழுத்தம் கூடினாலும் இதே மாதிரிக் கண் தெரியாமல் போகலாம், கடிதத்தை வைத்து எது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது டோரின் என்ற சத்துத்தான்.

டோரின் இறைச்சியிலும் மீனிலும் இருக்கிறது, சோளம், அரிசி, சோயாவில் இல்லை. நாயின் உடம்பு வேறு சத்துகளிலிருந்து அதைத் தானே செய்துகொள்ளும், பூனையின் உடம்பு போதிய அளவு செய்யாது, சாப்பாட்டிலிருந்து வந்தே ஆகவேண்டும். அது மாதக்கணக்கில் குறைந்தால் இரண்டு இடங்களில் அடி விழும். ஒன்று விழித்திரை, மற்றது இதயம். இதயத் தசை தளர்ந்து பெருத்துப்போகும் நோய்க்கும் டோரின் குறைவுக்கும் உள்ள தொடர்பைக் கலிபோர்னியாவில் கண்டுபிடித்து வெளியிட்டது 1987இல். அதுவரை கம்பனிச் சாப்பாடு தின்ற பூனைகளும் இப்படிச் செத்துக்கொண்டுதான் இருந்தன, அதற்குப் பிறகுதான் பூனைச் சாப்பாட்டில் டோரினைக் கூட்டிச் சேர்த்தார்கள். நாய்ச் சாப்பாட்டில் அதைச் சேர்க்கவேண்டிய கட்டாயம் இல்லை. விற்றமின் ஏயும் அப்படித்தான், கரட்டில் உள்ளதை நாய் மாற்றி எடுத்துக்கொள்ளும், பூனையால் முடியாது.

இரணைமடுப் பக்கம் வயல் செய்யும் ஒரு அம்மா தன் பூனையைப் பிஸ்கற் பெட்டிக்குள் பழைய சாரம் விரித்து, அதற்குமேல் படுக்க வைத்துக் கொண்டுவந்தார். வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்குவது எப்போதும் ஆபத்தான அறிகுறி, அதை எல்லோரும் நினைவில் வையுங்கள். நெஞ்சில் கை வைத்தால் துடிப்பு விரலுக்குக் கீழே குழம்பி ஓடியது. என்ன சாப்பாடு என்று கேட்டேன். பருப்புச் சோறும், நாய்க்கு வாங்கும் சாப்பாட்டில் ஒரு பிடியும் என்றார். தான் ஒரு நேரம் பட்டினி கிடந்தாலும் அதைப் பட்டினி போட்டதில்லை என்று சொல்லி அழுதார். எனக்கு அவரைக் குறை சொல்ல வாய் வரவில்லை, அந்தப் பூனையை எங்களால் காப்பாற்றவும் முடியவில்லை. இந்தப் பதில் இவ்வளவு நீளமாவதற்கு அந்த அம்மாதான் காரணம்.

நேரத்தோடு பிடித்தால் இதயம் பெரும்பாலும் தேறும். கண்ணில் அழிந்த பகுதி திரும்பி வராது, ஆனால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். எனவே இன்றே பூனைச் சாப்பாடு என்று அச்சிட்டதை வாங்குங்கள், பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு கிழமையில் முழுதாக மாற்றுங்கள். சின்னப் பூனையையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள், அதுவும் அதே சாப்பாட்டைத்தானே தின்றது. நாய் பூனைச் சாப்பாட்டை ஒரு நாள் களவாகத் தின்றால் பெரிதாக ஒன்றும் வராது. பூனைக்கு நாய்ச் சாப்பாடே வாழ்நாள் சாப்பாடு ஆகக்கூடாது.

சாக்கில் நிறுத்து வாங்குவதைப் பற்றியும் சொல்லவேண்டும். அந்தப் பொலித்தீன் பையில் திகதி இல்லை, தொகுதி இலக்கம் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்ற விபரமும் இல்லை. எங்கள் பக்கத்துக் கடைகளில் பல உரமும் கிருமிநாசினியும் விற்கிற கடைகள்தான், வாய் திறந்த சாக்கு அந்தப் போத்தல்களுக்குப் பக்கத்திலேயே நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். கிலோவுக்கு மிஞ்சுகிற காசு எனக்கும் விளங்குகிறது, ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்லுவேன். சின்னதாக இருந்தாலும் கம்பனி ஒட்டிய பைக்கற்றையே வாங்குங்கள்.

பைக்கற்றில் புரதம் 30 வீதம் என்றும், அதைவிட விலை கூடின ரின்னில் 8 வீதம் என்றும் போட்டிருக்கிறது. ரின்காரன் ஏமாற்றுகிறானா? (வாசகர், புதுக்குடியிருப்பு)

இல்லை ஐயா. நீங்கள் நெல் விற்றிருப்பீர்கள், ஈர நெல்லையும் காய்ந்த நெல்லையும் ஒரே தராசில் வைத்து ஒரே விலை பேசுவோமா? 14 வீத ஈரம் என்று பார்த்துத்தானே நெல் சந்தைப்படுத்தும் சபை எடுக்கிறது. இதுவும் அதே கணக்குத்தான். ரின்னில் 78 வீதம் தண்ணீர் என்றால் காய்ந்த சரக்கு 22 பங்கு, அதில் 8 பங்கு புரதம், அதாவது 36 வீதம். பைக்கற்றில் தண்ணீர் 10 வீதம்தான், 90இல் 30 என்றால் 33 வீதம். பார்த்தீர்களா, ரின்னில்தான் கூட. வளர்ந்த நாய்க்குக் காய்ந்த கணக்கில் குறைந்தது 18 வீதம், வளர்ந்த பூனைக்கு 26 வீதம் வேண்டும் என்பது ஆஃப்கோ என்ற அமெரிக்கத் தீவன அதிகாரிகள் சங்கம் வைத்திருக்கும் அளவு. குட்டிகளுக்கு அதைவிடக் கூட.

ஆனால் புரத இலக்கத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஆய்வுகூடத்தில் புரதத்தை நேராக அளப்பதில்லை, நைதரசனை அளந்து கணக்குப் போடுவார்கள். 2007இல் சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்துக்குள் பிளாஸ்ரிக் செய்யப் பயன்படும் மெலமைனைக் கலந்துவிட்டார்கள், அதில் நைதரசன் நிறைய இருப்பதால் இலக்கம் அழகாக வந்தது, வட அமெரிக்காவில் எத்தனையோ பூனைகளும் நாய்களும் சிறுநீரகம் அடைபட்டுச் செத்தன. பெயர் பெற்ற கம்பனிகளின் ரின்களும் அதில் திரும்பப் பெறப்பட்டன.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? முன்பக்கத்து இறைச்சித் துண்டுப் படத்தை விடுங்கள், பைக்கற்றைத் திருப்புங்கள். ‘கொம்ப்ளீற் அன்ட் பலன்ஸ்ட்’ என்ற சொற்களைத் தேடுங்கள், அந்தச் சாப்பாட்டை மட்டுமே கொடுத்து வளர்க்கலாம் என்பது அதன் பொருள். அதோடு எந்த வயதுக்கு என்றும் இருக்கவேண்டும். குட்டிக்கா, வளர்ந்ததற்கா, எல்லா வயதுக்குமா என்று பாருங்கள். ‘கொம்ப்ளிமென்ற்றரி’ அல்லது ‘சப்ளிமென்ரல்’ என்று இருந்தால் அது பக்கச் சாப்பாடு. பூனைக்கென்று வரும் சின்ன ரூனா ரின்களில் பல இந்த வகை, அதை மட்டும் கொடுத்துப் பூனை வளர்க்க முடியாது. பிறகு சேர்மானப் பட்டியல். நிறை கூடினதுதான் முதலில் வரும், ஆனால் பச்சை இறைச்சி தண்ணீரோடு நிறுக்கப்படுவதால் முதலிடத்தில் நின்றாலே போதும் என்று நினைக்கவும் கூடாது. செய்தவரின் முகவரி, இறக்குமதி செய்தவரின் முகவரி, தொகுதி இலக்கம், முடிவுத் திகதி, இவை அழியாமல் இருக்கவேண்டும். திகதிக்கு மேல் வேறு ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

இரண்டு நாய்களுக்கும் மலிவு என்று 20 கிலோ மூட்டை எடுத்தேன். தகரக் கொட்டிலில் வைத்திருந்தேன். இரண்டு மாதத்தில் எண்ணெய் சிக்கு மணம் வருகிறது, அடியில் கட்டி பிடித்து வண்டும் விழுந்திருக்கிறது. நாய்கள் மணந்துவிட்டுப் போகின்றன. வீணாக்காமல் கோழிக்குப் போடலாமா? (வாசகர், பரந்தன்)

போடவேண்டாம், தம்பி. நாய்களுக்கும் வேண்டாம், கோழிக்கும் வேண்டாம். குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள்.

உங்கள் நாய்கள் மணந்துவிட்டுப் போனது நல்லகாலம். சோளம் சேர்ந்த சாப்பாட்டில் ஈரமும் சூடும் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும், சில பூஞ்சணங்கள் அஃப்ளாரொக்சின் என்ற நஞ்சை விடும், அது ஈரலை அழிக்கும். கண்ணுக்குத் தெரியாது, அவித்தாலும் போகாது, வெயிலில் காயவைத்தாலும் போகாது. இந்த நஞ்சை உலகம் அறிந்ததே கச்சானால்தான், 1960இல் இங்கிலாந்தில் பூஞ்சணம் பிடித்த கச்சான் பிண்ணாக்கைத் தின்று ஒரு இலட்சம் வான்கோழிகள் செத்தன. கச்சான் விதைக்கிற எங்களுக்கு இது தெரிந்திருக்கவேண்டும். தாராக்களுக்கும் மிகக் கெடுதல். 2020 கடைசியில் அமெரிக்காவில் ஒரு நாய்ச் சாப்பாட்டில் இந்த நஞ்சு இருந்ததால் 100க்கு மேற்பட்ட நாய்கள் இறந்ததாக முறைப்பாடு வந்தது. அவ்வளவு பரிசோதனை நடக்கிற நாட்டிலேயே அப்படி என்றால், தகரக் கொட்டிலில் திறந்து கிடந்த மூட்டையை நாங்கள் எதை வைத்து நம்புவது?

ஏற்கெனவே தின்றிருந்தால் கவனியுங்கள். சோர்வு, சத்தி, சாப்பிடாமை, கண்ணிலும் முரசிலும் மஞ்சள், கடும் நிறச் சிறுநீர், இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே மிருக வைத்தியசாலைக்குப் போங்கள், பைக்கற்றையும் கையோடு கொண்டுபோங்கள்.

இனிமேல் ஐந்து, ஆறு கிழமைக்குள் முடிகிற அளவே வாங்குங்கள். சித்திரை, வைகாசியில் தகரத்துக்குக் கீழே கை வைக்க முடியாத சூடு, 27 பாகைக்கு மேல் போகாத இடம் நல்லது என்பார்கள், வன்னியில் அது கஷ்டம்தான், ஆனால் ஓட்டு வீட்டின் உள்ளறை, நிலத்தில் படாமல் ஒரு பலகைக்கு மேல் என்பது முடியும். சாப்பாட்டை வாளிக்குள் கொட்டாதீர்கள், பையோடு வாளிக்குள் இறக்கி மூடுங்கள், பை எண்ணெயைக் காக்கும், திகதியும் கூடவே இருக்கும். கொட்டித்தான் ஆகவேண்டும் என்றால், பழையதுக்கு மேல் புதியதைக் கொட்டாமல் வாளியைக் கழுவிக் காயவைத்துக் கொட்டுங்கள். கோப்பையில் மிஞ்சியதையும் இரவு வரை விடவேண்டாம், எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும், எலிச் சிறுநீரால் எலிக்காய்ச்சலும் வரும்.

வெளிநாட்டில் இருக்கும் மகன் தானியம் இல்லாத சாப்பாடுதான் நல்லது, அதையே வாங்கச் சொல்கிறார். விலை மூன்று மடங்கு. வாங்கவா? (வாசகி, வவுனியா)

தேவையில்லை அம்மா. நாய்க்குச் சோறும் சோளமும் வேகவைத்தால் சமிக்கும். தானியத்துக்குப் பதிலாகப் பட்டாணி, பருப்பு அதிகம் போட்ட சாப்பாட்டுக்கும் நாய்களின் இதய நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் விசாரிக்கத் தொடங்கியது, இதுதான் காரணம் என்று முடிவாகவில்லை. முடிவாகாத ஒன்றுக்கு மூன்று மடங்கு காசு கொடுக்க நான் சொல்லமாட்டேன். மகனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

மூன்று மாத லப்ரடோர் குட்டி. குட்டிச் சாப்பாட்டோடு எலும்பு உறுதிக்குக் கல்சியம் ரொனிக்கும் கொடுக்கிறோம். சரியா? (வாசகர், முள்ளியவளை)

ரொனிக்கை நிறுத்துங்கள். லப்ரடோர், அல்சேசன், றொட்வைலர் மாதிரிப் பெரிய இனக் குட்டிகளால் மிதமிஞ்சிய கல்சியத்தைத் தள்ளிவிட முடியாது, எலும்பும் மூட்டும் கோணலாக வளரும். முழுமையான குட்டிச் சாப்பாட்டில் தேவையானது இருக்கிறது. பெரிய இனக் குட்டிக்கென்று போட்டது கிடைத்தால் இன்னும் நல்லது.

2022க்குப் பிறகு பைக்கற் விலை எங்களுக்கு எட்டவில்லை. ஊர் நாய்தான், 10 கிலோ இருக்கும். சோறும் கறியும் போட்டால் பாவமா? (வாசகி, ஒட்டுசுட்டான்)

இல்லவே இல்லை அக்கா. வளர்ந்த, சுகமான ஊர் நாய்க்குப் பாதி பைக்கற், பாதி வீட்டுச் சாப்பாடு என்று கொடுக்கலாம். 10 கிலோ நாய்க்கு முழுதும் பைக்கற் என்றாலே ஒரு நாளைக்கு 150 முதல் 200 கிராம்தான், பாதி என்றால் இரண்டு சின்னக் கைப்பிடி, கிலோ விலையைப் பார்த்துப் பயப்படாமல் நாள் விலையைக் கணக்குப் பாருங்கள். வீட்டுப் பங்குக்கு மீனையோ முட்டையையோ இறைச்சியையோ கறிக்குத் தாளிக்க முதல் எடுத்து அவித்துச் சோற்றோடு பிசையுங்கள், பூசணிக்காய் ஒரு துண்டும் போடலாம். சூடை மீனாக இருந்தால் பச்சையாகக் கொடுக்காமல் அவித்தே கொடுங்கள். வெங்காயமும் உள்ளியும் கறிக்குள் கரைந்திருந்தாலும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும், பூனைக்கு இன்னும் மோசம். அவித்த கோழி எலும்பு ஊசியாக உடையும், அதையும் தள்ளிவிடுங்கள். குட்டி, சினைப்பட்ட நாய், பால் கொடுக்கும் நாய் என்றால் இந்தப் பாதிக் கணக்குச் சரிவராது, அந்த மாதங்களுக்கு மட்டுமாவது முழுமையான பைக்கற்றைக் கொடுக்கப் பாருங்கள், அதுவும் முடியாவிட்டால் நாயைக் கூட்டிக்கொண்டு அரச மிருக வைத்தியரிடம் போங்கள், வீட்டில் இருப்பதை வைத்தே என்ன சேர்க்கலாம் என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.