புண் ஆறிய பிறகு எதற்கு மூன்று ஊசி?

கேள்வி: வயது 34. ஆழ்கடல் போட்டில் வேலை. போன மாதம் ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில் ஹெச்ஐவி என்று சொல்லி மாத்திரை ஆரம்பித்தார்கள். இப்போது விடிஆர்எல் ரத்தப் பரிசோதனையில் 1:32, சிபிலிஸ் என்கிற பால்வினை நோயும் இருக்கிறது, வாரம் ஒன்றாக மூன்று ஊசி என்கிறார்கள். எப்போதோ ஆணுறுப்பில் வலியில்லாத புண் வந்தது; மெடிக்கலில் மாத்திரை வாங்கித் தின்றதும் ஆறிவிட்டது. அடுத்த வாரம் போட் போகிறது, வர 40 நாள். ஊசியை வந்து போட்டால் போதாதா?
– பெயர் வேண்டாம், தேங்காய்ப்பட்டணம்

பதில்: போதாது. இந்த முறை போட்டை விட்டுவிடுங்கள். இன்று முதல் ஊசி என்றால் மூன்றாவது 15ஆம் நாள் முடிந்துவிடும்.

சிபிலிஸ் புண் மாத்திரை தின்றாலும் தின்னாவிட்டாலும் 3 முதல் 6 வாரத்தில் தானே ஆறும். கிருமி அதற்குள் ரத்தத்தில் ஏறியிருக்கும். பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பில்லாத தடிப்பு வரலாம். வலைக்கயிறு இழுக்கிற கை என்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. அதுவும் மறையும். மூளை, கண், காது வரை நோய் போகக்கூடும். ஹெச்ஐவி இருப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம். பார்வை மங்கல், காதிரைச்சல், விடாத தலைவலி இருந்தால் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். அப்படியானால் இந்த ஊசி போதாது; ஆஸ்பத்திரியில் தங்கி, 10 முதல் 14 நாள் நரம்பு வழியாகப் பென்சிலின் ஏற்ற வேண்டிவரும்.

போடுவது பென்சாத்தின் பென்சிலின், ஒரு தடவைக்கு 24 லட்சம் யூனிட். இரண்டு புட்டத்திலும் பாதிப் பாதியாகப் போடுவார்கள். நல்ல வலி இருக்கும். புண் வந்த காலம் நிச்சயமாகத் தெரிந்து, அது சமீபத்தியது என்றால் ஒரு தடவை போதும். உங்களுக்குத் தெரியவில்லை, அதனால்தான் மூன்று. இந்தக் கிருமி மெதுவாகப் பெருகுவது. மருந்து வாரக்கணக்கில் ரத்தத்தில் நிற்க வேண்டும். ஒன்றைப் போட்டுவிட்டுக் கடலுக்குப் போனால், திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்றால் முன்பே சொல்லுங்கள். ஊசி போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே இருங்கள். மூச்சுத்திணறலோ உடம்பெல்லாம் தடிப்போ வந்தால் உடனே கூப்பிடுங்கள். முதல் ஊசி போட்ட அன்று ராத்திரி காய்ச்சலும் உடல்வலியும் வரலாம். கிருமி சாகும்போது வருவது அது, பாராசிட்டமால் போதும். அடுத்த ஊசியை அதற்காக நிறுத்தாதீர்கள்.

பிறகு 6, 12, 18, 24ஆம் மாதங்களில் விடிஆர்எல். இரண்டாவது எண் குறைந்து, 1:32 என்பது 1:8 அல்லது அதற்கும் கீழே இறங்க வேண்டும். டிபிஹெச்ஏ என்கிற இன்னொரு சிபிலிஸ் பரிசோதனை பெரும்பாலும் ஆயுள் முழுக்கப் பாசிட்டிவ் என்றே காட்டும், பயப்படாதீர்கள். எப்போதும் ஒரே லேபில் எடுங்கள். கொச்சியில் கரையேறும்போது அங்கொரு லேபில் பார்த்தால் இரண்டு எண்களையும் ஒப்பிட முடியாது.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனையையும் கேளுங்கள். பி இருந்தால், உங்கள் ஏஆர்டி (ஹெச்ஐவி) மாத்திரையில் உள்ள டெனோஃபோவிரும் லாமிவுடினும் அதையும் அடக்கும். கடலில் மாத்திரை தீர்ந்து நின்றால் கல்லீரல் வீங்கக்கூடும். கொனோரியா, கிளமிடியா என்கிற பால்வினை நோய்கள் தொண்டையிலும் ஆசனவாயிலும் சத்தமில்லாமல் இருக்கும், மூத்திரப் பரிசோதனையில் அவை சிக்காது. உறவு எந்த வழியில் என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

மனைவிக்கு ஹெச்ஐவி, சிபிலிஸ் இரண்டும் பார்க்க வேண்டும். கர்ப்பம் என்றால் நாளைக்கே. அரசு ஹெச்ஐவி பரிசோதனை மையமான நம்பிக்கை மையத்தில் இலவசம். உங்கள் விவரத்தை உங்கள் சம்மதமில்லாமல் வெளியில் சொல்வதை 2017 ஹெச்ஐவி/எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது. ஊசிகளும் பரிசோதனைகளும் முடிந்து டாக்டர் சொல்லும்வரை ஆணுறை இல்லாமல் உறவு வேண்டாம்.

அடுத்த பயணத்துக்குத் தேதி குறித்ததும் ஏஆர்டி கவுன்சலரிடம் எத்தனை நாள் கடல் என்று சொல்லி, ஒரு வாரத்துக்குக் கூடுதலாகவே மாத்திரை கேளுங்கள். சந்தேகம் வந்தால் தேசிய எய்ட்ஸ் உதவி எண் 1097க்கு இலவசமாகப் பேசலாம்.